பின்சீட்டைப் பார்க்கவும்

அந்தம்மா எந்தக் கதவையும் உடனே சாத்த மாட்டார். தான் உள்ளே வந்த பிறகும் பிடித்த கதவை விடாமல் கொஞ்ச நேரம் நிற்பார். பின்னால் யாரோ வருகிறார்கள், அவர்கள் மேல் கதவு அடித்துவிடக் கூடாது என்று நிற்பது மாதிரி இருக்கும். பார்க்கிற நாமும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்போம். யாரும் வர மாட்டார்கள். அப்புறம் கதவை மெதுவாக விடுவார்.

கள்ளக்குறிச்சியில் என் எலக்ட்ரிக்கல் கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டு ஏசி மாட்டிய புதிதில் ஒருநாள் பிளக் வாங்க நடந்தே வந்தார். வழக்கம்போலக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே அக்கினி வெயில். எனக்கோ கரண்ட் பில்லை நினைத்து வயிறு எரிந்தது.

"ஏசி காத்தெல்லாம் ரோட்டுக்குப் போவுதும்மா" என்றேன்.

"போனா போவட்டும் தம்பி. வெரலு கிரலு மாட்டிக்கப் போவுது."

"யாரு வெரலும்மா?"

அதற்குள் அவர் சுவிட்ச் பெட்டிகள் பக்கம் திரும்பிவிட்டார்.

கச்சிராயபாளையம் சாலையில் அவருக்கு ஜவ்வரிசி ஆலை இருந்தது. வீடு ஆலையை ஒட்டியே. கணவர் இறந்த பிறகு இருபது வருடமாகத் தனியாளாக நடத்திக்கொண்டிருந்தார். மரவள்ளிக் கிழங்கை ஒடித்து ஒரு துண்டை நாக்கில் வைத்தாரென்றால் மாவு எவ்வளவு தேறும், கல்வராயன் மலையில் எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். லாரிக்காரர்கள் அவரிடம் வாயைக் கொடுக்க மாட்டார்கள். ஊரில் எல்லாருக்கும் அவர் மில்லுக்காரம்மா. பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரு இரவுகூட வெளியே தங்கியதில்லை. மகன் கல்யாணம் பெங்களூரில் நடந்தது. காலையில் முகூர்த்தம் முடிந்ததும் தாம்பூலப் பையோடு ஜீப்பில் ஏறிவிட்டார். சம்பந்தி வீட்டார் முகம் கோணிப்போனதாகக் கேள்வி. "வூட்ல தண்ணி ஊத்தணும்" என்று மட்டும் சொன்னாராம். செடிக்குத் தண்ணி ஊற்ற மகன் கல்யாணத்தை விட்டு வருவார்களா என்று ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மகன் அம்மாவுக்கென்று ஒரு புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். பாதி கரண்ட், பாதி பெட்ரோல். பிளக்-இன் ஹைபிரிட் என்று பெயர். வீட்டிலேயே சொருகிச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். டவுனுக்குள் கரண்டில் சத்தமில்லாமல் ஓடும், மலைக்குப் போனால் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். ஆலையில் அதற்குச் 'சொருவற வண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மெதுவாகப் போகும்போது, தெருவில் நடக்கிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று வண்டியே ஒரு மாதிரி முனகும். ஆலையில் கிழங்குத் தோல் உரிக்கிற அஞ்சலைக்கு அந்தச் சத்தம் பிடிக்கவே இல்லை. "அம்மா பாட்டுக்குப் பேசிக்கினே ஓட்டறாங்க. அது கத கேக்கற புள்ளயாட்டம் உம் கொட்டிக்கினே போவுது" என்பாள்.

வண்டி வந்த மறுநாளே என்னைக் கூப்பிட்டார்கள். சொருகினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு. மீட்டரை வைத்துப் பார்த்தேன். எர்த் சரியில்லை. மிக்சியும் கிரைண்டரும் எர்த் இல்லாமலே நம் ஊரில் காலம் தள்ளிவிடும். இந்தக் கார் அப்படியில்லை. மண்ணோடு சரியான தொடர்பு இருக்கிறதா என்று முதலில் சோதிக்கும். இல்லையென்றால் ஒரு சொட்டு கரண்டைத் தொடாது. சில பேர் நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளுக்குள் முடிச்சுப் போட்டு வண்டியை ஏமாற்றிவிடுவார்கள். எங்காவது ஒயர் விட்டுப்போனால் வண்டி உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும். அப்படிச் செய்கிறவன் எலக்ட்ரீஷியன் இல்லை, கொலைகாரன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. எர்த்தில் நம்பிக்கை உண்டு.

வாசல் பக்கம் குழி தோண்டினேன். நாலடியில் சுக்கான்கல். போர் மோட்டார் பக்கம் தோண்டி உப்பும் கரியும் கொட்டித் தண்ணீர் விட்டேன். இரண்டு நாள் பச்சை விளக்கு எரிந்தது, மூன்றாம் நாள் மறுபடி சிவப்பு. சித்திரை மாசத்து மண், எத்தனை குடம் ஊற்றினாலும் உறிஞ்சிவிட்டு வாயைப் பிளந்தது. அந்த வளாகத்திலேயே ஈரமாக இருந்தது ஒரே ஒரு மூலைதான். பின்பக்க மதில் ஓரம், நான்கடிச் சதுரம். பாசி படிந்து கறுத்துக் கிடந்தது. தினமும் சாயங்காலம் அந்தம்மா ஒரு குடம் தண்ணீர் அங்கேதான் ஊற்றுவார்.

"அங்க இன்னாம்மா செடி?" என்று கேட்டேன்.

"செடி இல்ல."

"அங்க அடிச்சா எர்த் கல்லுமாரி நிக்கும்மா."

"அந்த மூல மட்டும் வேணாம் தம்பி. வேற எங்க வேணா தோண்டிக்க."

சரிம்மா என்று சொன்னேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவில்லை.

தொழில் கர்வம் என்று ஒன்று இருக்கிறதே, அது சனியன். மூன்று தடவை வந்தும் ஒரு பச்சை விளக்கு எரிய வைக்க முடியவில்லை என்று ஆலை ஆட்கள் கேலி பேச ஆரம்பித்திருந்தார்கள். ஒரு மத்தியானம் அவர் ஆலைக் கணக்கில் உட்கார்ந்திருந்தபோது, நான் மதிலுக்கு வெளியே சந்துக்குப் போனேன். அந்த மூலைக்கு நேர் பின்னால் நின்று, செம்பு பூசிய எட்டடிக் கம்பியைச் சாய்வாக உள்பக்கம் பார்த்து வைத்தேன். உள்ளேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வேணாம் என்று அவர் சொன்னது மதிலுக்கு உள்ளேதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

முதல் ரெண்டடிக்குச் சம்மட்டி தேவைப்பட்டது. அதற்கு மேல் தேவைப்படவில்லை. கையால் அழுத்தினேன், கம்பி இறங்கியது. கையை எடுத்தேன். அப்புறமும் ஒரு சாண் இறங்கியது.

முப்பது வருடத்தில் எத்தனையோ கம்பி அடித்திருக்கிறேன். எந்த மண்ணும் அப்படி வாங்கிக்கொண்டதில்லை. ஒயரை இழுத்துக் கட்டிச் சொருகினேன். பச்சை விளக்கு. மீட்டரில் முள் சைபரை விட்டு அசையவில்லை, அவ்வளவு சுத்தமான எர்த்.

அந்தம்மா வந்து பச்சை விளக்கைப் பார்த்தார்.

"எங்க போட்ட?"

"மதிலுக்கு வெளியம்மா."

நேராகச் சந்துக்கு நடந்தார். கம்பித் தலையைப் பார்த்தார். கம்பி சாய்ந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். திட்டுவார், செருப்பைக் கழற்றுவார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"எத்தினி அடி?"

"எட்டும்மா."

"அந்தக் கம்பி சுடுமா?"

"சுடாதும்மா. அதுல எப்பவும் கரண்டு போவாது. எதுனா தப்பு நடந்தாத்தான் போவும்."

"தப்பு நடந்தா?"

"நம்ம மேல வராம அது வாங்கிக்கும்."

"அதுவே வாங்கிக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார். கேட்டது என்னிடம் இல்லை. கூலியைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கதவைப் பிடித்தபடி நின்றார், விட்டார்.

நான் ஆலை வழியாகத்தான் வெளியே வந்தேன். அஞ்சலை கிழங்குக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"தெரியாதா உனக்கு? மொத பொண்ணு. பொறந்து மூணா நாளு போயிடுச்சி. மாமியாக்காரி கொல்லையிலயே பொதச்சிட்டா. இவங்க பாலு ஊத்தணும்னு அழுதாங்களாம். பாலு வேணாம், ருசி கண்டுக்கும், தண்ணி ஊத்துன்னு சொல்லிட்டாளாம். அன்னிலேர்ந்து ஊத்தறாங்க."

என் கையில் சம்மட்டி இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"கதவு புடிக்கறது?" என்றேன்.

"நான் வந்த புதுசுல கதவத் தொறந்தா புள்ளயத் தூக்கினு வர்றாப்ல ஒரு கைய இப்படித் தோள்ல வெச்சிக்கினு வருவாங்க. அப்பறம் ரொம்ப நேரம் நிப்பாங்க. தவழ்ந்து வர நேரம் ஆவும் இல்ல? இப்ப கம்மியாத்தான் நிக்கறாங்க. வளந்துடுச்சி, வேகமா நடக்காதா?" அஞ்சலை இதைச் சொன்னபோது அவள் முகத்தில் பயம் இல்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "ஆனா நடந்து போற எடத்துக்கு மட்டுந்தான் கூட்டினு போவாங்க. ஜீப்புல ஏத்த மாட்டாங்க. இவங்க காலு மண்ண வுட்டா அது வராதாம்."

அன்று வீட்டுக்குப் போய் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடப் பார்த்தேன். ஆனால் என் மண்டையில் ஓடியது மூடநம்பிக்கை இல்லை, என் தொழில். கார் என்பது நாலு ரப்பர் டயர் மேல் நிற்கிறது. அதற்கும் மண்ணுக்கும் ஒட்டு உறவு கிடையாது. சொருகும்போது மட்டும்தான் உண்டு. அந்த உறவை நான் எந்த மண்ணில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்? ஒரு தாயிடம் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் பிள்ளை மேல் கம்பி இறக்கியிருக்கிறேன். அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை.

பத்து நாள் கழித்து வெள்ளிமலையில் கிழங்குக் கொட்டகை மோட்டார் ஓடவில்லை என்று என்னைக் கூடவே அழைத்துப்போனார். முன்சீட்டில் உட்கார்ந்தேன். அவர் ஓட்டுநர் கதவுக்குப் போகவில்லை. பின் கதவைத் திறந்தார். பை எதையும் வைக்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பெண் புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். சாத்திவிட்டு வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

"யாராச்சும் வர்றாங்களாம்மா?"

"போலாம் தம்பி" என்றார்.

மலை ஏறும்போது சார்ஜைச் செலவழிக்காமல் பெட்ரோலில் ஓட வைக்கிற பட்டனை அழுத்தினார். ஒரு வளைவில் கோமுகி அணை கீழே பளபளத்தது. வண்டியை ஓரங்கட்டினார். பின்பக்கத்து இடது கண்ணாடி தானாகக் கீழே இறங்கியது. இல்லை, அவர்தான் தன் பக்கத்துச் சுவிட்சை அழுத்தியிருந்தார். எங்கள் கண்ணாடி இரண்டும் மூடியே இருந்தன. கொஞ்ச நேரம் கழித்துப் பின் கண்ணாடி ஏறியது. வண்டி கிளம்பியது. என் கழுத்து பின்னால் திரும்ப மறுத்தது. நானும் அதை வற்புறுத்தவில்லை.

மோட்டார் வேலை முடிந்து திரும்பும்போது, எல்லாம் தெரிந்தவன் மாதிரி விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தேன். பயத்தில் எனக்கு வாய் ஜாஸ்தியாகிவிடும். மலை இறங்கும்போது பிரேக் பிடிக்கிற சக்தியிலேயே பேட்டரி ஏறும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தது. திடீரென்று எஞ்சின் தானாகப் பிடித்துக்கொண்டு அலறியது. அந்தம்மா காலைத் தூக்கிக் காட்டினார். எதன் மேலும் கால் இல்லை.

"நெறஞ்ச பேட்டரிக்கு மேல ஏத்த முடியாதும்மா. அதான் எஞ்சின் வந்து வண்டிய இழுத்துப் புடிக்குது" என்றேன். உண்மையான காரணம் அதுதான்.

"வூட்டுக்குப் போவ மனசில்ல" என்றார்.

"வண்டிக்கா?"

"பின்னாடி ஏசியக் கம்மி பண்ணு" என்றார். பண்ணினேன்.

கச்சிராயபாளையத்தில் டீக்கடை முன்னால் வண்டியை அணைத்ததும் மணி அடித்தது. திரையில் எழுத்து வந்தது: பின்சீட்டைப் பார்க்கவும் என்று ஆங்கிலத்தில். அந்தம்மா திரும்பினார். சும்மா ஒரு பார்வை இல்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்பலாமா வேண்டாமா என்று பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

"இது எப்பலேர்ந்து சொல்லுது தெரியுமா தம்பி? நீ எர்த் போட்ட அன்னிலேர்ந்து."

மறைக்கிற தெம்பு இல்லை. "தப்புப் பண்ணிட்டம்மா. அந்த மூலையிலதான் கம்பி போயிருக்குது. நாளைக்கே உருவிடறேன்."

"தெரியும்" என்றார். "உருவாத. சார்ஜ் நல்லா ஏறுது."

மறுநாள் பெங்களூரில் வண்டி வாங்கிய இடத்துக்குப் போன் போட்டு விசாரித்தேன். சர்வீஸ் ஆள் சிரித்தார். அந்தக் காருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் தெரியாதாம். கிளம்புவதற்கு முன்னால் பின் கதவு திறந்து மூடப்பட்டிருந்தால், நிறுத்தும்போது ஞாபகப்படுத்தும். குழந்தையை மறந்துவிட்டு இறங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. கதவே திறக்காவிட்டால் அது வாயே திறக்காது. அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு உயிர் வந்தது. கதவைத் திறப்பது அந்தம்மா, மணி அடிப்பது வண்டி. நடுவில் வேறு யாரும் இல்லை. அவரிடம் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லாமல் விட்டேன். சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

ஐப்பசி மழையில் அந்த மூலைப் பாசியில் குடத்தோடு வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. மகன் ஓடி வந்தான். இனிமேல் தனியாக விட மாட்டேன், பெங்களூருக்கு வந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஆலையைக் குத்தகைக்கு விட ஆளும் பார்த்துவிட்டான். மில்லுக்காரம்மா ஒத்துக்கொள்ளவே மாட்டார் என்று ஊரில் பந்தயம் கட்டாத குறை. முப்பத்து மூன்று வருடமாக ஒரு சாயங்காலம் தவறாதவர் அந்த நாலடிச் சதுரத்தை யாரிடம் விட்டுவிட்டுப் போவார்?

ஆனால் சரி என்று சொல்லிவிட்டார்.

கிளம்புகிற அன்று காலையிலேயே எனக்கு ஆள் வந்தது. நான் போனபோது கார் சொருகிக் கிடந்தது. கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எத்தினி மணி நேரம் வெச்சா முழுசா வரும் தம்பி?"

"நாலு மணி நேரம்மா."

மகன் பொறுமை இழந்தான். "பாதி தூரத்துக்கு மேல பெட்ரோல்லதான் போவப் போறோம்மா. இதுக்குப் போயி இன்னாத்துக்குக் காத்துக்கினு இருக்கணும்?"

அவர் அவனைப் பார்க்கவே இல்லை. "முழுசான்னா முழுசாவா? கொஞ்சம்கூட இங்க நின்னுடாதே?" என்று என்னைக் கேட்டார்.

அது எலக்ட்ரீஷியனிடம் கேட்கிற கேள்வி இல்லை. "நிக்காதும்மா. முழுசா வந்துரும்" என்றேன். அந்த அளவுக்காவது நான் அவருக்குக் கடன்பட்டிருந்தேன்.

நூறு என்று காட்டியதும் அவரே வலது கையால் பிளக்கை உருவினார். "நாங்க போனதும் கம்பிய எடுத்துடு" என்றார். பிறகு வீட்டு வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பட்டென்று சாத்தினார். நிற்கவில்லை, பிடிக்கவில்லை. அத்தனை வருடத்தில் அவர் அப்படிக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. ஆலை வாசலில் நின்ற அஞ்சலை வாயில் கை வைத்தாள்.

சாமான் எல்லாம் டிக்கியில் ஏறின. மகன் ஸ்டியரிங்கில், அவர் பக்கத்துச் சீட்டில். பின் கதவை யாரும் தொடவில்லை. நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நகரப்போகிற நேரத்தில் பொறுக்க முடியாமல் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"அம்மா, பின் கதவு..."

"ஏறியாச்சி தம்பி" என்றார்.

வண்டி முனகிக்கொண்டே சாலையில் திரும்பி மறைந்தது.

சந்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்து இழுத்தேன். எட்டடியும் ஒரே இழுப்பில் வந்தது. அந்தம்மாவுக்குக் கை முறிந்ததிலிருந்து அஞ்சலைதான் அந்த மூலைக்குத் தண்ணீர் ஊற்றிவந்தாள், அன்று காலையில்கூடக் குடம் நிறைய ஊற்றியிருந்தாள். ஐப்பசி மழை வேறு. கம்பியின் நுனி வரை ஒட்டியிருந்தது காய்ந்த மண், ஊதினால் பறந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மகன் போன் பண்ணினான்.

"அண்ணே, வந்து சேந்துட்டோம். வண்டிய நிறுத்துனா பின்சீட்டப் பாருன்னு மணி அடிக்குது. வழியில டீக்குத்தான் ரெண்டு எடத்துல எறங்குனோம். பின் கதவ நாங்க தொறக்கவே இல்ல. பாத்தேன், ஒண்ணும் இல்ல. எப்படிண்ணே நிறுத்தறது?"

சென்சார் கோளாறாக இருக்கலாம் என்று ஒரு எலக்ட்ரீஷியன் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

"அம்மா இன்னா பண்றாங்க?" என்று கேட்டேன்.

"அதுதான் புரியலண்ணே. வூட்டுக் கதவத் தொறந்து புடிச்சிக்கினு நிக்கறாங்க. உள்ள வாங்கன்னா வர மாட்றாங்க. ரொம்ப நேரமா நிக்கறாங்க."

"நிக்கட்டும் தம்பி" என்றேன். "புது வூடு. வழி தெரிஞ்சி வரணும் இல்ல."